பாறைக்குப்பத்துச் சத்தம்

ஜனவரி 8, 2025, புதன்

மல்லாட்டைக்கு இரண்டாம் களை எடுத்து முடித்தோம், இந்த முறை கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. குவாரி ஓடிய காலத்தில் இந்த நிலம் ஜல்லித் தூசி படிந்து வெள்ளையாகக் கிடந்தது. பயிர் வைத்தால் முளைக்கும், மூச்சு முட்டிச் சாகும். இப்போது குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இறைக்கிறோம். கெடுத்ததும் அதுதான், கொடுப்பதும் அதுதான். நான் பெரிய கணக்குப் பார்ப்பதில்லை. சாமி, நீ நல்லா இருக்கணும்.

தரகர் துரைக்கண்ணு அண்ணன் போன் செய்தார். கோலியனூரில் ஒரு வரன். பையன் பெயர் கோபி, சொந்த நிலம், ஒரே பிள்ளை. நம் அஸ்வினியைத் திண்டிவனம் மருந்துக்கடையில் பார்த்துவிட்டு அவனே வீட்டில் சொன்னானாம். அஸ்வினியைக் கேட்டேன். “தெரியும்மா” என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் புரிந்துபோயிற்று.

ஜனவரி 18, சனி

நாளை பெண் பார்க்க வருகிறார்கள். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான்தான் முடிவு செய்தேன். செவிட்டு வீட்டுப் பெண், நாளைக்குப் பிள்ளைக்கும் வருமோ என்று ஒரு வாய் பேசினால் போதும். இது வம்சத்தில் வந்ததா என்ன? இருபது வருஷம் பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்ததில் போனது. ஆனால் வந்தவர்களிடம் இதையெல்லாமா விளக்கிக்கொண்டிருக்க முடியும்?

அவரிடம் சொன்னேன், “சிரிச்சிக்கினே உக்காருங்க, போதும்.” என் வாயையே பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முகம் வாடியது. பார்த்தும் பார்க்காதது போல வடைக்கு உளுந்து ஊறப் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

நன்றாகவே நடந்தது. பையனின் அப்பா சீனுவாசன் பூனை மாதிரி மெதுவாகப் பேசுகிறார். அம்மா கோவிந்தம்மாள் அதிகம் பேசவில்லை, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டு சவுரியம்மாள் அக்கா உதவிக்கு வந்து வடை சுட்டாள். அஸ்வினி பச்சைப் புடவையில் அழகாக இருந்தாள். என் மனுஷன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புண்ணியவான்.

ஜனவரி 22, புதன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

துரைக்கண்ணு அண்ணன் நேரில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். “பொண்ணப் புடிச்சிருக்குதாம் அம்சா. வூடுதான்... எல்லாரும் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கினே இருந்தாங்கன்னு அந்தம்மா சொல்லுது. சுடு எண்ணெய்கிட்ட நின்னுக்கினு ஒருத்தி கத்துறா, அடுப்பாண்ட இருந்து பொண்ணோட அம்மா கத்துறா, அப்பன்காரன் வாயே தொறக்கல, பயந்து உக்காந்துக்கினு கீறான்னு. பாத்திரமெல்லாம் நசுங்கித் தரையில கெடக்குது, செவுரு பொளந்து கெடக்குது. அடிச்சிக்கிற குடும்பத்துல பொண்ணெடுக்க பயமா கீதாம்.”

சிரிப்பதா அழுவதா? நாங்கள் கத்தினோமா? எப்போது? சவுரியம்மாள் “உப்புப் போட்டியா” என்று கேட்டாள், நான் “போட்டேன்” என்றேன், அவ்வளவுதானே!

அண்ணன் போனதும் அவர் வந்து “இன்னா, பதில் வந்துச்சா?” என்று கேட்டார். சைகை செய்தேன், புரியவில்லை. கடைசியில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “நாம கத்துறோமாம்!”

தெருவே கேட்டது.

ஜனவரி 23, வியாழன்

தூக்கம் இல்லை. யோசித்துப் பார்த்தேன். கிளியனூரில் பிறந்த எனக்கும் ஒரு காலத்தில் மெதுவான குரல்தான் இருந்தது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம், மாமியார் திட்டுகிறார் என்று நினைத்துக் கொல்லையில் நின்று அழுதேன். பாவம், “சாப்டியா” என்றுதான் கேட்டிருக்கிறார்.

மாமனார் காலத்தில் இங்கே நிஜமாகவே ஒரு மலை இருந்ததாம். அவர்கள் கையால் சம்மட்டி அடித்தவர்கள், மெதுவாகத்தான் பேசுவார்களாம். கிரஷர் வந்த பிறகு ராவும் பகலும் கல் அரைக்கிற சத்தம். அதற்கு மேலே கத்தினால்தான் கணவன் பேச்சு மனைவிக்குக் கேட்கும். தொட்டிலில் கிடந்த பிள்ளையும் அதையே கேட்டு வளர்ந்தது. மதியம் வெடி வைக்கும்போது அலமாரியில் இருக்கும் பாத்திரம் எல்லாம் உருண்டு விழும். அதனால்தான் பாறைக்குப்பத்தில் எந்த வீட்டிலும் பாத்திரத்தை மேலே வைப்பதில்லை. குவாரி மூடிப் பல வருஷம் ஆகியும் தரையில்தான் அடுக்குகிறோம். சுவர் பிளந்ததும் அந்த வெடியில்தான். மலை போய்விட்டது, கிரஷர் போய்விட்டது, எங்கள் தொண்டைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இதைக் கோவிந்தம்மாளிடம் சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் இவர் காதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

அஸ்வினி சாப்பிடவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அவள் இன்று கேட்டுவிட்டாள். “எங்கப்பாவுக்குக் காது கேக்காதுன்னு சொல்ல வெக்கமா கீதா உனக்கு? அந்தக் காத வித்துத்தான என்னப் படிக்க வெச்சாரு?”

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. வெட்கமா எனக்கு? இல்லை. பயம். நீ வாழணுமேன்னு பயம்டி! இதையும் கத்தித்தான் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

வாசலில் நின்ற அவர் எங்கள் வாயையே பார்த்திருக்கிறார். எல்லாம் புரிந்திருக்கிறது. துரைக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு நேராகப் போய், “பொண்ணோட அப்பன் காது போனவன்னு சொல்லிடு. பயந்து உக்காரல, கேக்காம உக்காந்திருந்தான்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, “இனிமே என்னச் சிரிச்சிக்கினு உக்காருன்னு சொல்லாத அம்சா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். காலில் விழ வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நடந்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

சீனுவாசன் தனியாக வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸில். டீக்கடையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். நாலு பேர் நாலு பக்கம் கையைக் காட்டிக் கத்தியதில் மிரண்டுபோய், “சண்ட வேணாங்க, நானே தேடிக்கிறேன்” என்றாராம். கடைக்காரர் அதற்கும் கத்திச் சிரித்தாராம்.

அவர் வந்தபோது என் மனுஷன் நிலத்தில் இருந்தார். இரண்டு பேரும் குவாரிப் பள்ளத்தின் கரையில் போய் நின்றார்கள். நான் மோர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். என் மனுஷன் பள்ளத்தைக் காட்டிச் சொன்னார், “எங்கப்பா ஏறி நின்ன மலைங்க இது. நான் எறங்கித் தொள போட்டேன். என் காது அதோ, அந்தத் தண்ணிக்கு அடியில கெடக்குது. அதப்பத்தி வருத்தமில்ல. எம் பொண்ணுக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கும்.”

சீனுவாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். இவர் கையைக் காதருகே குவித்தார். பாவம், அந்த மனுஷன் ஜென்மத்தில் சத்தம் போட்டதில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். “கத்துங்கண்ணா, தப்பில்ல” என்றேன்.

துண்டை இடுப்பில் கட்டினார். மூச்சை இழுத்து, “சம்பந்தி! பொண்ணக் குடுங்க!” என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள்! பள்ளம் அதை வாங்கி அப்படியே திருப்பிச் சொன்னது. கொக்கு எல்லாம் எழுந்து பறந்தது. நாய் குரைத்தது. சவுரியம்மாள் அக்கா தன் வீட்டிலிருந்தே “இன்னாடி ஆச்சு?” என்றாள்.

இவருக்குக் கேட்டது. முதல் தரத்திலேயே கேட்டது.

சாமியோ, அந்த மலையோ, யாராக இருந்தாலும் சரி, கும்பிடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

கல்யாணம் முடிந்தது. மேளக்காரரே எங்கள் பக்கத்துச் சொந்தங்களைப் பார்த்து, “கொஞ்சம் மெதுவாங்க, நான் வாசிக்கணும்” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆடிக்குப் பெண்ணை அழைக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு கோவிந்தம்மாள் போன் செய்தார். எடுத்தது என் மனுஷன். வழக்கமாக எடுத்ததும் என்னிடம் நீட்டிவிடுவார். இன்று நீட்டவில்லை. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றேன். போன் அவர் காதில்தான் இருந்தது, ஆனால் கோலியனூர் சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது. “அண்ணா! நல்லா கீறீங்களா! மல்லாட்ட காய வெச்சாச்சா!”

“ஆச்சும்மா, ஆச்சு” என்று இவர் பதில் சொல்கிறார். போனில் பேசுகிறார்! எத்தனை வருஷம் ஆயிற்று!

பிறகு நான் வாங்கி, “இன்னாத்துக்கு அண்ணி இப்பிடித் தொண்டைய கிழிச்சிக்கிறீங்க, எங்கிட்ட சொன்னா நான் சொல்ல மாட்டேனா” என்றேன்.

“அவருகிட்ட நேரா பேசினாத்தான எனக்கும் மரியாத, அவருக்கும் மரியாத?” என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார். பிறகு சிரித்தார். நேற்று அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, “மருமவ வந்து ஒரு ஆடிகூட வரல, அதுக்குள்ள உங்க வூட்ல தெனமும் சண்டையா?” என்று கேட்டாளாம்.