ஓடைப்புஞ்சை செல்லாது

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மட்டும் நாற்பத்தொரு போன். போனை எடுத்துப் பதில் சொல்லும் கற்பகம் ஒவ்வொன்றுக்கும் காலண்டர் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். எட்டயபுரம் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, இதுதான் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் எங்கள் உழவர் கம்பெனியின் ஆபீஸ். கீழே டயர் கழற்றுகிற சத்தம், மேலே போன் சத்தம். நடுவில் நான்.

வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்யும் ஆப்பை வெளியே விட்டு ஆறு நாள் ஆகிறது. இதுவரை எல்லாரும் தலைவர் தங்கசாமி அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்று நோட்டில் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். இப்போது செல்லிலேயே வண்டியையும் நேரத்தையும் பிடித்துக்கொள்ளலாம். திரையில் தெரிவதை மதுரையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. பின்னால் இருக்கும் சர்வர் வேலை முழுக்க என்னுடையது. சரியாகப் போட்டால் ஜோராக ஓடுகிறது. ஏதாவது ஒன்று மாறிவிட்டால் ஆங்கிலத்தில் ஒரு முழம் வந்து விழுகிறது, நான் எழுதிய புரோகிராம் கோடு எந்த வரியில் உடைந்தது என்பது வரைக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பி, “இது என்னம்மா, பூச்சி பூச்சியா ஓடுது?” என்று கேட்கிறார்கள்.

சென்னையில் ஏழு வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே எரர் யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே பஸ் ஸ்டாண்டில் மறித்துக் கேட்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும் — எனக்கு இது பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

முப்பத்தாறு போன். “குறைஞ்சிருக்கு” என்றேன். கற்பகம் முறைத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை. அவர் உட்காராமல் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“இப்ப விதைப்புக்கு முந்துன உழவுதான், கூட்டம் கம்மி. அதுக்கே இந்தப் பாடு. மழ பெஞ்சு மண்ணு பதத்துக்கு வந்துட்டா மூணே நாளுதான். அன்னைக்கு இந்தக் கற்பகம் கூட போன்ல பேசிக்கிட்டு எவன் நிப்பான்? விதைப்புக்குள்ள சரி பண்ணிரு, மாரிச்செல்வி. இல்லன்னா நான் நோட்டத் தூக்கிருவேன்.”

“அண்ணாச்சி, நோட்டுல எழுதுனா உங்க வாசல்ல சண்ட வருதுன்னுதான இத ஆரம்பிச்சோம்?”

“சண்டைனா எனக்கு விலக்கிவிடத் தெரியும். இத என்னன்னு வெலக்க?”

நியாயம்தான். அவர் போன பிறகு சர்வர் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் 500. ஒருவர் போன் நம்பரில் ஒரு எண்ணை விட்டுவிட்டார்: 500. ஒரே வண்டியை இரண்டு பேர் கேட்டார்கள்: அதற்கும் 500. அதாவது, ‘சர்வருக்குள் என்னமோ உடைந்துவிட்டது, என்னவென்று தெரியாது’ என்று கையை விரிப்பது. உடையவே இல்லை. எனக்குத் தெரியும் என்ன நடந்தது என்று. சொல்லத்தான் சோம்பல் பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

எல்லா எரரையும் ஒரே இடத்தில் பிடித்து, வகை பிரித்து, ஒரே மாதிரியான பதிலாக வெளியே அனுப்புவது என்று முடிவு. காலையிலிருந்து எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே மாட்டவில்லை, பழைய பூச்சிகள் அப்படியே ஓடுகின்றன. நூறு தடவை பார்த்தும் கோட்டில் தப்பே தெரியவில்லை. ஏன்டி, ஏன்?

சாயங்காலம் நாலு மணிக்குத் தெரிந்தது. பிடிக்கிற பகுதியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க வேண்டும். நான் முதலில் வைத்திருக்கிறேன். சாக்கை மேலே கட்டிவிட்டு, தானியம் கீழே கொட்டுகிறதே என்று அழுதிருக்கிறேன். ஏழு வருஷ அனுபவமாம்!

செப்டம்பர் 11, வியாழன்

ஓடுகிறது! போட்டதில் பிசகு இருந்தால் 400. தேடியது இல்லை என்றால் 404. வேறொருவர் முந்திக்கொண்டால் 409. நல்லபடியாகப் பதிவானால் 201. நிஜமாகவே உள்ளே உடைந்தால் மட்டும் 500, அப்போதும் என் கோடு வெளியே தெரியாது, ஒரு குறிப்பு எண் மட்டும் போகும். ஒவ்வொரு எரருக்கும் ஒரு தமிழ்ச் செய்தி. இருபத்து மூன்று செய்திகளையும் ஒரு மணி நேரத்தில் நானே மொழிபெயர்த்து ஏற்றிவிட்டேன்.

கற்பகம் கடம்பூர் போளி வாங்கி வந்தாள். ஆறு தின்றேன். என் திறமையை நினைத்து ஏழாவது.

செப்டம்பர் 15, திங்கள்

மணி பதினொன்றாகிவிட்டது. இருந்தாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை பதினொன்றரைக்கு ஓர் அம்மா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. கண் வீங்கியிருந்தது. பெயர் பெத்தம்மாள், கழுகுமலைப் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல். வீட்டுக்காரர் இறந்து, போன தையில்தான் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார். பையிலிருந்ததை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்தார். பட்டா, பழைய பத்திரம், வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ், கரண்டு பில் கூட.

“எம் புஞ்ச செல்லாதுன்னு உங்க மெஷின் சொல்லுதே, அதுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது? எங் கொழுந்தனா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லை வாங்கிப் பார்த்தேன். திரையில் என் செய்தி, கொட்டை எழுத்தில்:

ஓடைப்புஞ்சை செல்லாது.

சர்வே எண் போட வேண்டிய கட்டத்தில் அக்கா தன் காட்டின் பெயரைப் போட்டிருக்கிறார். இந்தப் பக்கம் யார் தன் நிலத்தை எண்ணால் சொல்கிறார்கள்? ஓடைப்புஞ்சை, வேப்பமரத்துப் புஞ்சை, மேட்டுக்காடு — அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான். நானோ, எது வந்தாலும் அதைத் திருப்பிக் காட்டி, பக்கத்தில் ‘செல்லாது’ என்று ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘இன்வேலிட்’ என்று போட்டுப் போட்டு எனக்குக் கை பழகிவிட்டது. அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு எடையும் இல்லை. இங்கே அது கோர்ட்டில் சொல்கிற சொல், பத்திரத்தைப் பார்த்துச் சொல்கிற சொல்.

சனிக்கிழமை மதியம் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று காலை முதல் வேலையாகத் தாலுகா ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டரில் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியும் நம்பாமல் இங்கே வந்திருக்கிறார்.

விளக்கிச் சொன்னேன். மூன்று முறை. கேட்டுக்கொண்டே காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

“படிச்ச பிள்ளதான நீ? செல்லாதுன்னா என்னன்னு தெரியாதா ஒனக்கு?”

கற்பகம் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்து முன்னால் வைத்தாள். “அக்கா, உங்க கொழுந்தனுக்கு டைப் அடிக்கத் தெரியுமா?”

“அவனுக்குக் கையெழுத்தே கோணிக்கிட்டுப் போகும்” என்றார் அக்கா. சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு இட்லி சாப்பிட்டார். ஆனால் படியிறங்கும்போது திரும்பி, “இனிமே இதுல நான் கை வைக்க மாட்டேன் தாயி. அண்ணாச்சி நோட்டுலயே எழுதிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மனுஷியை இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறேன். ஒரு சொல்லால். போளி தின்று கொண்டாடியிருக்கிறேன் அதற்கு!

செப்டம்பர் 16, செவ்வாய்

இருபத்து மூன்று செய்திகளையும் அழித்துவிட்டேன். கற்பகத்தை எதிரே உட்கார வைத்தேன். “இந்த எரருக்குப் போன் வந்தா நீ என்ன சொல்லுவ?” என்று கேட்பேன். அவள் சொல்வாள். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்வேன். சர்வே எண்ணுக்கு இப்போது இப்படி: ‘இந்த எண் எங்கள் பட்டியலில் கிடைக்கவில்லை. பட்டாவைப் பார்த்து அதிலுள்ள எண்ணை மறுபடி போடுங்கள். உங்கள் நிலத்துக்கு எதுவும் ஆகவில்லை.’

“கடைசி வரி வேணுமா?” என்று கேட்டேன்.

“ஏட்டி, அதுதான் முக்கியம்” என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 500 செய்தியில் ‘மன்னிக்கவும்’ என்று தொடங்கியிருந்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“மெஷின் எதுக்கும்மா மன்னிப்பு கேக்கு? அப்ப என்னமோ பண்ணிட்டுதுன்னுல்லா அர்த்தம்! பெறவு ஊரே இங்கன வந்து நிக்கும்.”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எடுத்துவிட்டேன். ‘கோளாறு எங்கள் பக்கம்தான். பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்’ என்று மாற்றினோம். “இது ஆம்பள பேச்சு” என்றார். எழுதியது கற்பகம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

நிலத்தின் பெயருக்கு என்று தனிக் கட்டம் திறந்தாயிற்று. ஒரு முறை எண்ணோடு சேர்த்துப் பெயரைப் போட்டுவிட்டால் அடுத்த முறை பெயர் மட்டும் போதும். 409க்கு இன்னொரு வேலையும் செய்தேன்: ‘வேறொருவர் முந்திக்கொண்டார்’ என்று சொல்லிவிட்டு நிற்காது, அடுத்து எப்போது வண்டி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். இல்லை என்று மட்டும் சொல்லி வாசலில் இருந்து அனுப்புவது நம் ஊர் வழக்கமா என்ன?

பெயர்க் கட்டத்தில் முதல் நாளே பதினோரு ஓடைப்புஞ்சை வந்திருக்கிறது. ஒருவர் ‘மாமனார் கொடுத்தது’ என்று போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 26, வெள்ளி

பெத்தம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன். “நல்லாருக்கியா? சாப்ட்டியா? சரி, எரு அள்ள ஆளு வந்துட்டு” என்று வைத்துவிட்டார். ஆப் என்ற சொல் என் வாயிலிருந்து வருவதற்குள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். கீழே டயர் கடைக்காரர் பொரி கொடுத்தார். போன், மூன்றே மூன்று. அதில் ஒன்று கற்பகத்தின் அத்தை.

அக்டோபர் 13, திங்கள்

மழை! மதியத்திலிருந்து நல்ல மழை. ஜன்னல் வழியே கையை நீட்டி நனைத்துக்கொண்டேன். அண்ணாச்சி போனில் கத்துகிறார்: “நாளன்னைக்குப் பதம் வந்துரும். காலைல ஆறு மணிக்குப் பதிவத் தொறந்துரு. நோட்டும் எங் கையில இருக்கு, பாத்துக்கோ.”

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருமா? வருகிறதே.

அக்டோபர் 15, புதன்

ஆறு மணிக்குத் திறந்தோம். ஆபீஸ் செல்லை மேஜை நடுவில் வைத்துவிட்டு நானும் கற்பகமும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

ஆறேகால். ஒரு போன் இல்லை. ஆறரை. இல்லை. கற்பகத்துக்குச் சந்தேகம் வந்து, தன் செல்லிலிருந்து ஆபீஸ் செல்லுக்கு அடித்தாள். மணி அடித்தது. எடுத்து, “வணக்கம், உழவர் கம்பெனி” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

“அப்ப சர்வர்தான் படுத்துட்டு” என்றாள்.

எனக்கும் அதே பயம்தான். லேப்டாப்பைத் திறந்து சர்வர் பதிவுகளைப் பார்த்தேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நூற்றுப்பதினேழு பேர் வந்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு எரர். அத்தனைக்கும் அடுத்தடுத்த வரியிலேயே அதே ஆள் திருத்திப் போட்டிருக்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்போது அண்ணாச்சி படியேறி வந்தார். நோட்டு கக்கத்தில் இருந்தது. “என்னம்மா, ஆபீஸ் பூட்டிக் கெடக்கோன்னு நெனைச்சேன். ஒரு சத்தத்தையும் காணோம்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்துவிட்டார்! நான் திரையைக் காட்ட மேலே நகர்த்திக்கொண்டே போனேன். நகர்த்தும்போது ஒரு பெயரில் கை நின்றுவிட்டது. சத்தமாக வாசித்தேன்.

பெத்தம்மாள், 6.09 — 409. அந்த நேரத்துக்கு வேறொருவர் முந்திக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு வண்டி இருக்கிறது.

பெத்தம்மாள், 6.10 — 409. அந்த நேரத்துக்கும் வேறொருவர் முந்திக்கொண்டார். நாளை காலை ஏழு மணிக்கு இருக்கிறது.

பெத்தம்மாள், 6.11 — 201. பதிவாகிவிட்டது.

கற்பகம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் சர்வர் அந்த அக்காவிடம் இன்று இரண்டு முறை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அவர் பயப்படவில்லை.