தன் கையால் ஏற்பட்ட காயம்

2024 ஜூன் 11, செவ்வாய்

மழை விடவில்லை. ரப்பர் வெட்டு இன்றும் கிடையாது. மதியம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. குடும்ப ஓய்வூதியம் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பட்டாளத்திலிருந்து பதில். இல்லை என்றுவிட்டார்கள். அது பரவாயில்லை, ஒரு தடவையில் கிட்டாது என்று மகள் சஜிதா முதலிலேயே சொன்னாள். ஆனால் காரணம்?

'இடது தொடையில் துப்பாக்கிக் காயம். தன் கையால் ஏற்பட்டது. போர்முனையிலிருந்து விலகும் நோக்கம்.'

ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். இருந்தும் வேறு யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்லலாமா என்று தோன்றியது, நான் வாசித்தது தப்பாக இருக்கும் என்ற ஆசையில். காட்டவில்லை. காட்டினால் சாயங்காலத்துக்குள் அருமனை முழுக்கப் போய்விடும்.

என் புருஷன் ரசலையன் தன் காலைத் தானே சுட்டுக்கொண்டாரா? பயந்தா?

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவள் நான். எலும்புக்குள் சீழ். ஆறும், மறுபடி உடையும். போன நவம்பரில் காலையே எடுத்தார்கள். அதற்குப் பின்னும் விஷம் ரத்தத்தில் ஏறி அவர் போய்விட்டார். இலங்கையில் வாங்கின குண்டு என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால், 'அத விடு.'

அதைத்தான் இவ்வளவு காலமும் விட்டிருக்கிறேன்.

ஜூன் 13

சஜிதா குவைத்திலிருந்து கூப்பிட்டாள். "வல்ல பதிலும் வந்துதா அம்மா?" இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பாவைப் பற்றி அந்த வார்த்தையை என் வாயால் எப்படிச் சொல்வேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை, ஞானசிங் வந்தார். என் புருஷனோடு ஒரே பட்டாளக் கம்பெனியில் இலங்கைக்குப் போனவர். இவருக்கு இளையவர். முழு சர்வீசும் முடித்து சுபேதாராக ஊருக்கு வந்தார். இப்போது முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். அவர் சொன்னால் இங்கே மறுபேச்சு இல்லை.

பதில் வந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"மைனி, இது நீங்க அலையப்பட்ட காரியமா? பேப்பர் எல்லாத்தையும் எனக்க கையில தாருங்க. அப்பீல் நான் போட்டுத் தாறேன்."

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கடைசி நேரத்துல அண்ணன் வல்லதும் சொன்னாவளா?"

"என்னத்தப் பத்தி?"

"சும்ம கேட்டேன். அந்தப் பழைய காலத்தப் பத்தி."

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் முகம், எப்படி எழுதுவது, தலைச்சுமையை இறக்கிவைத்த ஆள் மாதிரி ஆயிற்று.

ஜூலை 9

ஞானசிங்கைச் சந்தையில் பார்த்தேன். "போட்டாச்சு மைனி. இனி காத்திருக்கப்பட்டதுதான் நம்ம வேலை."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று ஞானசிங்கோடு அவர் மனைவி நேசபாயும் வந்தாள். அப்பீல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.  பதிலுக்குக் கேள்விதான் வந்தது. ஆஸ்பத்திரியில் யார் பக்கத்தில் இருந்தது? காய்ச்சலில் பிதற்றினாரா? போதகர் ஜெபிக்க வந்தபோது தனியாக ஏதாவது பேசினாரா? துக்கம் கேட்கிற ஆள் இப்படிக் கேட்கமாட்டான். போலீஸ்காரன் கேட்பான்.

நேசபாய் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். ஆறி ஆடை படிந்தது. அவள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறாள், என்னையா?

ஒன்றை நான் ஞானசிங்கிடம் சொல்லவில்லை. ஏன் மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசிக் காய்ச்சலில் இவர் "நான்தான்... நான்தான்டே ஞானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய கூட்டாளியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மனசு கேட்காமல் நானே பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன். படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த பெண் பிள்ளை பொறுமையாகத் தேடினாள். "உங்க பேருல அப்பீல் ஒண்ணும் வரல்லியே அம்மா."

சுபேதார் ஞானசிங் ஜூலையிலேயே போட்டார் என்றேன்.

"அவரு நேத்துகூட வந்தாரு. உங்க காரியம் ஒண்ணும் பேசல்ல. கெடு முடியப்போவுது, தெரியுமா?"

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். சம்பவத்தின்போது உடனிருந்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுத முடிந்தது. ஞானசிங். காய்ச்சலில் இவர் கூப்பிட்ட பெயர்.

செப்டம்பர் 6

உறக்கமில்லை. பழையதெல்லாம் வரிசையாக வருகிறது.

ஞானசிங் எப்போது வந்தாலும் இவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார். கால் வலி, சாய்மானம் வேண்டும் என்று நினைப்பேன். வழியனுப்பும்போதும் அவரை முன்னே நடக்கவிட்டுத்தான் இவர் பின்னால் போவார். ஒருநாளும் அவருக்கு முதுகு காட்டி நின்றதில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். யோசித்ததில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

விசாரணைக்கு வரும்படி ஞானசிங்குக்கு அழைப்புப் போயிருக்கிறது. மதியத்துக்கு மேல் அவருடைய வெள்ளை வண்டி வந்து நின்றது. நேசபாயும் இருந்தாள். "நீ போய் சாயா போடு" என்று அவளை என் அடுக்களைக்கு அனுப்பினார், அவருடைய வீடு மாதிரி.

"எனக்க பேர எழுதிக் குடுத்திருக்கிய."

"கூட நின்னது நீங்கதானே? துப்பாக்கி யாருக்க கையில இருந்துச்சு?" நேராகவே கேட்டுவிட்டேன்.

 வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரிச் சொன்னார். பனங்காட்டுக்குள் முகாம். முந்தின நாள்தான் இரண்டு பேரை அடக்கம் செய்திருந்தார்கள். அந்தி மசங்கல் நேரத்தில் என் புருஷன் தண்ணீர் கோரப் போயிருக்கிறார். காவலுக்கு நின்றது ஞானசிங்.

"சரசரன்னு ஓலை அனங்கிச்சு. 'நான்தான்டே ஞானா'ன்னு அண்ணன் விளிச்சாரு. அது எனக்கு மனசிலாவதுக்கு மின்ன விசையில விரல் அமந்துட்டு."

தோளில் தூக்கிக்கொண்டு ஞானசிங்தான் கூடாரத்துக்கு வந்தாராம். காலைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்: அம்மை இருக்கிறாள், கல்யாணத்துக்கு நிற்கிற அக்காமார் இருக்கிறார்கள், எனக்கு வேலை போய்விடும். அப்போது ரத்தம் போய்க்கொண்டிருந்த என் புருஷன் சொல்லியிருக்கிறார்: "எனக்க துப்பாக்கி தானே வெடிச்சுட்டுன்னு சொல்லு. போவட்டும்."

"அப்படின்னா கைப்பிசகு. தானே சுட்டாருன்னு எப்படி வந்துச்சு?"

ஞானசிங் தரையைப் பார்த்தார். "மேஜர் எனக்க மேல சந்தேகப்பட்டாரு. ரெண்டு நாளா ஊருக்குப் போவணும்னு பொலம்பிக்கிட்டே இருந்தாருன்னு... நான் சொல்லிட்டேன்."

சுட்டது பயம். அதை மன்னித்திருக்கிறார் இவர். இந்த இரண்டாவது பொய்? தன்னைத் தோளில் சுமந்த ஆளின் வாயே இதையும் சொன்னது என்று தெரிந்துதான் ஊருக்கு வந்திருக்கிறார். வந்து, அந்த ஆளோடு ஒரே கோவிலில் இத்தனை காலமும் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இத அங்க வந்து சொல்லுங்க" என்றேன்.

எழுந்துவிட்டார். குரல் மாறிவிட்டது. "மைனி, எனக்க மகன் இப்பம் பட்டாளத்துல இருக்கான். நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா எவனும் நம்பவும் மாட்டான்." வாசலில் நின்று முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "கிணத்தச் சுத்திக் கைவரிச் செவரு கெட்டல்லியே. தனியா இருக்கப்பட்ட ஆளு. மழைக்காலத்துல வழுக்கும், பாத்துக்கிடுங்க."

அப்போதுதான் அடுக்களை வாசலைப் பார்த்தேன். நேசபாய் மூன்று தம்ளர் சாயாவோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. "ஏட்டி, வா" என்றார். தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 23

கிணற்றடிக்குப் போகவில்லை. குழாயில் தண்ணீர் வரும்வரை காத்திருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ரப்பர் வெட்டுகிற பையன் வந்து, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றான். ஏன் மக்கா என்றால் முகத்தைப் பார்க்கவில்லை. "சுபேதாரு வேற இடத்துல சோலி ஏற்பாடு பண்ணியிருக்காவ டீச்சர்."

கோவிலில் இன்று வேதபாடம் வாசிக்கவேண்டியது நான். விக்டோரியா டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று என்னைப் பற்றி அறிவித்து வேறு ஒருத்தியை வாசிக்க வைத்தார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள்.

சஜிதாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "வேண்டாம்மா, விட்டுரு. அந்தக் காசு இல்லாம நாம பட்டினி கெடக்கப் போறோமா? எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள்.

காசா? அந்த ஒரு வரியை அடிக்கவேண்டும். அவ்வளவுதான். பயம் எனக்கும் இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

விசாரணை. எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

வந்திருந்த அதிகாரி மதுரைப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார். ஞானசிங் கோட்டு போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். நேசபாயையும் அழைத்து வந்திருந்தார். குடும்பத்தோடு வந்த கௌரவமான மனிதர் என்று காட்டுவதற்கோ என்னவோ. அவள் வாசல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

வீட்டில் ஞானசிங் என்னிடம் சொன்னதை நான் சொன்னேன்.  அதிகாரி ஞானசிங்கிடம் திரும்பினார்.

"எனக்கு ஓர்மை இல்ல சார். வயசாயிட்டு. இந்த அம்மா துக்கத்துல எதையோ நெனச்சுச் சொல்லுகாவ. நான் கோவிச்சுக்கிடல்ல."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.  அதிகாரி பேனாவை மூடப்போனார்.

"எனக்கு ஓர்மை உண்டு சார்."

யார் பேசியது என்று எல்லோரும் தேடினோம். நேசபாய் எழுந்து நின்றிருந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"இவருக்க பெஞ்சாதி. அக்காவுக்க வீட்டுல இவரு சொன்னத நான் அடுக்களையில நின்னு கேட்டேன். கேக்கதுக்கு மின்னயும் தெரியும் சார். கெட்டின காலத்துலருந்து உறக்கத்துல இவரு அதத்தான் சொல்லுகாரு. 'அண்ணே, நீன்னு தெரியாது, அண்ணே'ன்னு. எந்த அண்ணன்னு அன்னைக்குத்தான் மனசிலாச்சு."

ஞானசிங் ஒரே ஒரு சொல் சொன்னார். "ஏட்டி."

கத்தவில்லை.  நேசபாய் உட்காரவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

திரும்பிப் போகும்போது அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கதவு சாத்துகிற சத்தம் இன்னும் கேட்கிறது. நான் ஏன் அவளைப் போகவிட்டேன்?

அக்டோபர் 18

இரண்டு தடவை போன் செய்தேன். நேசபாய் எடுக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

அந்தக் குடும்பம் கோவிலுக்கு வரவில்லை. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. ஆண்டவரே, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

நவம்பர் 3, ஞாயிறு

மழையோடு மழையாக நேசபாய் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. கொண்டையெல்லாம் நனைந்து ஒழுகியது.

"அக்கா, இங்க ஒரு முறி கிட்டுமா?"

தலை துவட்டத் துவர்த்து எடுத்துக் கொடுத்து உட்கார வைத்தேன். அடித்தாரா என்று கேட்டேன்.

"அடிக்கல்ல அக்கா. அடிச்சா பொறுத்துக்கிடலாம். அன்னைக்குலருந்து ஒரு வார்த்தை பேசல்ல. கடைக்குப் போய் பால்வெட்டுக் கத்தி ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. எனக்க முன்னால உக்காந்து தேச்சுக்கிட்டே இருக்காரு. எங்களுக்கு ரப்பர் மரமே கெடையாது அக்கா."

சஜிதாவின் அறையை ஒழித்துக் கொடுத்தேன். பட்டாளத்தில் இருக்கிற மகன் போனில் அவளைத் திட்டினானாம், அப்பா மானத்தை வாங்கிவிட்டாய் என்று. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

நவம்பர் 9

கிணற்றுக்குக் கைவரி கட்ட ஆள் வந்தான். ஊர்க்காரர்கள் யாரும் வரவில்லை, மார்த்தாண்டத்திலிருந்து கூட்டிவந்தேன். நேசபாய் மண் சுமந்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

டிசம்பர் 2

சாயங்காலம் எதிர் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வெள்ளை வண்டி. இறங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் இருந்தது.

டிசம்பர் 3

இன்றும்.

2025 மார்ச் 12, புதன்

தபால் வந்தது. இரண்டு பேரும் அடுக்களையில் நின்றே வாசித்தோம். 'தன் கையால் ஏற்பட்டது' என்ற முடிவு ரத்து செய்யப்படுகிறது. போர்முனையில் பணியின்போது ஏற்பட்ட காயம் என்று பதிவு திருத்தப்படுகிறது. அதன்பேரில் ஓய்வூதியக் கோரிக்கை மறுபடி பரிசீலிக்கப்படும். அதற்கு இன்னும் எத்தனை மாசமோ.

நேசபாய் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, நானும் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் புருஷனைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருந்தது, பொய் வாக்குமூலம் குறித்துத் தனியே நடவடிக்கை என்று. அதையும் அவள் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தாள். பிறகு போய் மீன் கழுவினாள்.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவேண்டாம்.

ஆறு மணிக்கு வண்டி வந்து நின்றது. மூன்று மாசமாக வருகிறது. போலீஸில் சொல்லியும் பார்த்தாயிற்று, ரோட்டில் நிற்கிற வண்டியை என்ன செய்ய என்று கேட்டார்கள். இன்று முதல்தடவையாக ஞானசிங் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வீட்டைப் பார்த்து நின்றார். அவருக்கும் தபால் போயிருக்கும்.

நேசபாய் ஜன்னலை அடைக்க எழுந்தாள்.

"அடைக்காத" என்றேன். "விளக்கப் போடு. நாம ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்னு தெரியட்டும்."

போட்டாள். அவள் சோறு விளம்புகிறாள். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.