ஐந்தரை பஸ்ஸில் வரும் பை

12 பிப். 1996, திங்கள்

நாளைக்குத்தான் மாசி. அதற்குள் இந்த வெயில். காலையில் தண்ணீர் வரவில்லை.

இந்த டைரி இவருக்குக் கம்பெனியில் கொடுத்தது. ஜனவரிப் பக்கமெல்லாம் காலி. காலியாகவே கிடக்கட்டும்.

சுமிக்கு மாவுக்கட்டு போட்டு இன்றோடு முப்பத்து மூன்று நாள். இடுப்பிலிருந்து வலது கால் விரல் வரை. மல்லாக்கவே படுக்கை. இன்னும் ஆறு வாரமாவது ஆகும் என்கிறார் டாக்டர்.

இன்று துடியலூர் போய் அவள் பள்ளிக்கூடத்து எச்.எம்.மைப் பார்த்தேன். ஏழாவதில் இத்தனை நாள் வராமல் இருந்தால் எட்டாவதுக்கு அனுப்ப முடியாதாம். கெஞ்சினேன். கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"ஊட்டிலயே படிக்கட்டுமுங்க. தினமும் வீட்டுப்பாடம் வந்தறோணும். கணக்கு டீச்சர் ஒரு நாள் வந்து டெஸ்ட் வெப்பாங்க. படுத்துட்டு எழுத முடியலைன்னா நீங்க எழுதுங்க, பரவால்ல. ஆனா சொல்றது புள்ளையா இருக்கோணும்."

சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏற்பாடு: கூடப் படிக்கும் ஜெயந்தி தன் நோட்டுகளைப் பையில் போட்டு ஐந்தரை டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பாள். நான் பெரியநாயக்கன்பாளையம் ஸ்டாப்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும், சுமியின் வீட்டுப்பாட நோட்டோடு. கண்டக்டர் நல்ல மனுஷன். "இட்லி மாவு, கறிவேப்பிலையெல்லாம் கொண்டு போறேனுங்க்கா, நோட்டு கொண்டு போக மாட்டனா?" என்றார்.

வாங்க: அரை குயர் நோட்டு 3, ரீஃபில், பவுடர், டெட்டால்.

14 பிப். புதன்

பை வந்தது. நோட்டு ஐந்து. ஜெயந்திக்குக் கோழிக் கிறுக்கல். பூகோள நோட்டில் புளிச்சோறு வாசம்.

பால்பாயின்ட் பேனாவை மேலே பார்க்கப் பிடித்தால் நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. பென்சில் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் கை கடுக்குது என்று போட்டுவிட்டாள். ஆக அவள் சொல்ல, நான் எழுத.

கணக்கு: 3x – 5 = 16. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாற வேண்டும். அவளுக்கு அது பிடிபடவில்லை. எனக்கும்தான். நான் எட்டாவதோடு நின்றவள். புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு பிடிபட்டது. x = 7.

"ஏழுன்னு எழுதட்டா கண்ணு?"

"ம்."

20 பிப். செவ்வாய்

வீட்டுப்பாட நோட்டு திருத்தி வந்தது. சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டிருந்தார் புஷ்பா டீச்சர், கணக்கு டீச்சர். இரண்டு பக்கத்துக்கும்.

சுமியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, முதுகுப் பக்கம் அரிக்குது, ஸ்கேல் கொடு என்றாள்.

பையை வாங்கியதும் ஸ்டாப்பிலேயே திறந்து அந்தச் சிவப்பு மையைத்தான் தேடுகிறேன். முப்பத்தாறு வயதில். வெட்கமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

மதியம் சாம்பார் அடிப்பிடித்தது. பின்னக் கணக்கில் இருந்தேன்.

26 பிப். திங்கள்

சுமி இப்போதெல்லாம் பேசுவது குறைவு. ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். கேள்வியைப் படித்தால் "தெரியலம்மா." அடுத்ததைப் படித்தாலும் "தெரியலம்மா." நானே போட்டு, வாசித்துக் காட்டி, "சரிதானே கண்ணு?" என்பேன். "ம்." நாலு நாளாக வாசித்துக் காட்டுவதும் இல்லை.

இவர் ஃபேக்டரியிலிருந்து வந்தவர் கட்டில் பக்கம் சற்று நின்றார். அப்புறம் என்னிடம், "ஏம்புள்ள, அது தூங்கிட்டு இருக்குது, நீ யாருக்குப் பாடம் எழுதிட்டிருக்கறே?" என்றார்.

"ஒரு வருசம் வீணாப் போயிருமுங்க."

கை கால் கழுவப் போய்விட்டார். அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் விழுந்த அன்றைக்கும் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, "தொட்டி நெறஞ்சிருச்சான்னு ஏறிப் பாரு கண்ணு" என்று அவளை இரும்பு ஏணியில் ஏற்றியது நான். வழுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

எழுதிவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பருப்பு ஊறப் போட வேண்டும்.

29 பிப். வியாழன்

பையில் சீட்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டெஸ்ட், வருகிறேன் என்று புஷ்பா டீச்சர். தேறினால் எட்டாவதுக்கு எச்.எம். கையெழுத்துப் போட்டுவிடுவாராம்.

சுமியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் உட்கார முடியாதே. படுக்கை விரிப்பு மாற்றினேன். தலைக்குச் சீயக்காய் போட்டு அலசினேன், கட்டிலுக்கு அடியில் அண்டாவை வைத்து. இரண்டு நாளில் எதைச் சொல்ல, எதை விட.

"டீச்சர் வாராங்க, கொஞ்சம் படிச்சுக்கலாம் கண்ணு."

"என்னமோ பண்ணும்மா."

2 மார்ச், சனி

டீச்சர் சொன்னபடி வந்தார். எலுமிச்சம்பழ ஜூஸ். சுமியின் கன்னத்தைத் தொட்டு, "என்ன அம்மணி, கணக்குல பொளந்து கட்டறே?" என்றார். சுமி என்னைப் பார்த்தாள். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

பதினைந்து கேள்வி. டீச்சர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கொண்டுவந்த விடைத்தாள் கட்டைத் திருத்த உட்கார்ந்துகொண்டார். நான் கேள்வியை வாசிக்க வேண்டும். சுமி என் காதோடு சொல்ல வேண்டும். அதை நான் எழுத வேண்டும்.

முதல் இரண்டு சரியாகச் சொன்னாள். மூன்றாவது: செவ்வகத்தின் சுற்றளவு 40, நீளம் அகலத்தைவிட 4 அதிகம். அகலம் என்ன?

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். உதடு அசைந்தது. எத்தனை நாளைக்கப்புறம் யோசித்தாள்.

"பதினாறும்மா."

எட்டு என்று எழுதினேன்.

கை தானாக எழுதிவிட்டது என்று எழுத வந்தேன். அது பொய். நான்தான் எழுதினேன். அதற்கப்புறம் பன்னிரண்டு கேள்விக்கும் அவள் சொன்னது ஒன்று, நான் எழுதியது ஒன்று. அவளுக்குத் தாள் தெரியாது. டீச்சர் நிமிரவே இல்லை.

முடிந்ததும் சுமி, "எல்லாமே போட்டுட்டேன்ல?" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாள்.

5 மார்ச், செவ்வாய்

ஐந்தரை பஸ் ஆறேகாலுக்கு வந்தது. பையில் விடைத்தாள். 96. எச்.எம். சீட்டும் கூட. 'எட்டாம் வகுப்புக்கு அனுப்பப்படுவார்.'

ஓடி வந்தேன் வீட்டுக்கு. சீட்டை வாசித்தேன். சுமி கையைத் தட்டினாள். எட்டாவதில் ஜெயந்தி பக்கத்திலேயே உட்காருவேன் என்றாள். பிறகு, "பேப்பரக் காட்டு" என்றாள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். "காட்டிட்டுப் போ." கொடுத்துவிட்டேன். எவ்வளவு நேரம்தான் ஒளிப்பது.

தூக்கிப் பிடித்துப் படித்தாள். ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம். கை கடுக்கும் என்றுகூடக் கீழே இறக்கவில்லை.

"நான் பதினாறுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"எதுக்கு மாத்திப்போட்டே?"

"ஒரு வருசம் போயிரும் கண்ணு."

"எனக்குத்தானே போவுது."

அவ்வளவுதான் கேட்டாள். தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். வீடு முழுக்கப் பால் தீய்ந்த வாடை.

6 மார்ச், புதன்

தண்ணீர் வந்தது. குடம் ஆறு, அண்டா இரண்டு. மாவாட்டினேன். பை வாங்கப் போகவில்லை. கண்டக்டர் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுமி என்னிடம் பேசவில்லை. பெட்பேனுக்குக்கூட அவள் அப்பா வரும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

7 மார்ச், வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். விடைத்தாளை எச்.எம். மேஜைமேல் வைத்தேன். "இதுல ரெண்டு தவிர மத்ததெல்லாம் நான் போட்டதுங்க" என்றேன். வீட்டுப்பாடமும்தான் என்றேன். புஷ்பா டீச்சரையும் கூப்பிட்டார்கள். அந்த அம்மா முகம் சிவந்துபோனது.

"ஏனுங்க, இத நீங்க சொல்லாம இருந்திருந்தா ஆருக்குங்க தெரியப்போவுது?" என்றார் டீச்சர்.

"புள்ளைக்குத் தெரியுதுங்க."

எச்.எம். கொஞ்ச நேரம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஜூன்ல ஏழாவதுலயே உக்காரட்டும்" என்றார். அந்தச் சீட்டை வாங்கி, பேருக்குக் குறுக்கே கோடு போட்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எலெக்‌ஷன் ஜீப் ஒன்று மைக்கோடு பின்னாலேயே வந்தது. வீடு வரைக்கும் மனசில் ஒன்றுமே இல்லை, மரத்துப்போன கால் மாதிரி.

சொன்னேன். சுமி அழுதாள். நீ செய்ததுதான் சரி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அதெல்லாம் இல்லை. ஜெயந்தி எட்டாவதுக்குப் போய்விடுவாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மாவுக்கட்டு அதிர்ந்தது. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

என்னால்தான். ஏணியும் என்னால், இதுவும் என்னால். இவ்வளவு நாள் உள்ளே கிடந்ததை அவளிடமே வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

8 மார்ச், வெள்ளி

கண்டக்டரிடம் இனிப் பை வேண்டாம் என்றேன். "ஏனுங்க்கா, பாப்பாவுக்குக் குணமாயிருச்சுங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போய் சுமியின் தலைமாட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டார்.

வாங்க: மண்ணெண்ணெய், புளி, அவளுக்குக் காட்டன் பாவாடை துணி.

10 மார்ச், ஞாயிறு

வெயில். இவருக்கு லீவு. கறி எடுத்து வந்தார்.

சாப்பிட்டதும் சுமி, கணக்குப் புத்தகத்தை எடு என்றாள். மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எந்தப் பாடம் என்றேன். "மொதல்ல இருந்து."

முதல் பயிற்சி, முதல் கணக்கு. வாசித்தேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தாள். இவர் எழுந்து வெளியே போனார், திரும்பி வந்தார். அதுவரைக்கும் யோசித்தாள்.

"இருவத்தி நாலு."

தப்பு. பார்த்ததுமே தெரிந்தது. இருபத்தி நாலு என்றே எழுதினேன்.

"காட்டு" என்றாள்.

அவள் முகத்துக்கு நேரே நோட்டைப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.