பதினைந்து ஊசி மெஷினும் பழைய சிஸ்டமும்

ஜூன் 3, செவ்வாய்

இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

புது எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்கியது. பதினைந்து ஊசி. மாடி அறைக்கு ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள், அதில் மூன்று பேருடைய பலம் நான். பாப்பா சாமான் பிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டாள். (பாப்பா என்றால் அக்கா மகள். முப்பத்தாறு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தாய். எனக்கு என்றைக்கும் பாப்பா.)

எல்லாம் சரி. ஆனால் மெஷினோடு வந்த புரோகிராமைக் கம்ப்யூட்டரில் போட்டால், "உங்கள் சிஸ்டம் மிகப் பழையது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அது வழியாகப் போனால்தான் டிசைன் மெஷினுக்குள் போகும். நர்சிங் பள்ளிக்கு முந்நூறு பேட்ஜ், இருபதாம் தேதிக்குள் தைத்துத் தர வேண்டும். பழைய மெஷினும் இல்லை, எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று.

அதைக் கொடுக்கச் சொன்னது நான்தான். அது வேறு விஷயம்.

ஜூன் 4, புதன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கார அம்மா வந்தார். நானே பாதி விஷயத்தை அவருக்கு விளக்கினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும், கம்பெனி ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டர் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்தவன். சுவர் வழியாகவே பாதி கற்றுக்கொண்டேன்.

அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணிடலாம்மா. ஆனா உங்க டிசைன் சாப்ட்வேர் பென் டிரைவ் மாதிரி இருக்கற இந்தக் குட்டிச் சாவியைக் கம்ப்யூட்டர்ல மாட்டினாத்தானே திறக்குது? புது சிஸ்டம் இந்தச் சாவியைக் கண்டுக்குமான்னு தெரியாது. இந்த சாப்ட்வேர் கம்பெனியும் மூடிட்டாங்க. பழசைத் தொடாதீங்க. இன்னொரு கம்ப்யூட்டர் வாடகைக்கு எடுங்க."

வாடகைக் கம்ப்யூட்டர் கிடைக்கப் பத்து நாள் ஆகுமாம். பாப்பா முகம் சுருங்கிவிட்டது. ஆறு வருஷ டிசைன், ஆயிரத்துச் சொச்சம், எல்லாம் அந்தச் சாவிக்குப் பின்னால்.

அப்போதுதான் ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். ஸ்டோரில் என்னோடு இருந்தவன், கழுத்து நீளம், இப்போது எம்பிராய்டரிதான் தொழில். இதே கம்பெனி மெஷின், இதே சாப்ட்வேர், இதே சாவி. போன மாதம் அப்கிரேடு செய்தான். ஒரு டிசைன் போகவில்லை. "ஒரு நூல் கூட அறுந்து போகல பாப்பா" என்றேன். ரிப்பேர்க்கார அம்மா தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பாப்பா சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

ஜூன் 5, வியாழன்

ஒட்டகத்தின் நம்பர் கேட்டாள். அவன் போன் மாற்றிவிட்டான் என்று சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

சாப்பிடும்போது அக்கா ஆரம்பித்தாள்.

"யாருடா அந்த ஒட்டகம்? இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேள்விப்படலையே."

"எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டா இருப்பேன்?"

"நீ சொல்லாத விஷயம்னு உலகத்துல ஒண்ணு இருக்கா?"

பாப்பாவின் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. பஸ் டிரைவர். வீட்டில் அவர் வாய் திறந்தால் சிரிக்க மட்டும்தான். பாப்பா விடவில்லை. "எத்தனை தலை மெஷின் வச்சிருக்காரு மாமா? அப்கிரேடு எத்தனை மணி நேரம் ஆச்சாம்?" நாலு தலை, ஒரே நேரத்தில் நாலு துணி தைக்கும் என்றேன். இரண்டு மணி நேரம் என்றேன். அவன் மனைவி பட்டன் வைப்பாள் என்றும் சொன்னேன், யாரும் கேட்காமலே. வாய் தானாக ஓடுகிறது.

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 7, சனி

நாளை அப்கிரேடு செய்யப் போகிறாளாம். முடிவு பண்ணிவிட்டாள்.

காலையில் மாடிக்குப் போய்ச் சும்மா சொல்கிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். "வாடகைக்கே எடுத்திடலாமா பாப்பா? பத்து நாள் தானே."

"பத்து நாள் போனா, மிச்ச நாள்ல முந்நூறு எப்படி மாமா தைக்கறது? அதான் ஒட்டகம் அங்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அவனுக்கு ஆகல... ஆனா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு குணம் இருக்கு..."

"அன்னைக்கு அவ்வளவு தெம்பா சொன்னீங்க? இப்ப என்ன வழவழா கொழகொழான்னு?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு அக்கா காபியோடு மேலே வந்தாள். இரண்டு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று... ஒருத்தி முன்னால் மட்டும் சொல்லிக் கிழித்திருப்பேனா?

ஜூன் 8, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தாள். டிசைன்களை எல்லாம் முதலில் பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டாள், கெட்டிக்காரி. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திரையில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. முப்பத்தொன்றில் பதினைந்து நிமிஷம் நின்றது.

"ஒட்டகம் அங்கிளுக்கும் இப்படி நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

ஒன்றரை மணிக்கு முடிந்தது. புது மெஷின் கம்ப்யூட்டரோடு பேசியது. பச்சை விளக்கு! பாப்பா கை தட்டினாள். நான் எழுந்து நின்று, "சொன்னேனா இல்லையா?" என்று அறையே அதிரக் கத்தினேன்.

பிறகு சாவியை மாட்டினாள்.

ஜூன் 9, திங்கள்

சாவியின் விளக்கு எரியவில்லை, சாப்ட்வேர் திறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ரிப்பேர்க்கார அம்மா இரண்டு மணி நேரம் பார்த்தார். பழைய சிஸ்டத்துக்கே திரும்பினாலும் அந்த சாப்ட்வேரைத் திரும்பப் போட அதன் டிஸ்க் வேண்டுமாம். டிஸ்க் எங்கே? பழைய மெஷினின் அடி டிராயரில். மெஷின் எங்கே? எக்ஸ்சேஞ்சில் போய், அங்கிருந்து யாருக்கோ விற்றாகிவிட்டது. கேட்டுப் பார்த்தோம்.

பென் டிரைவில் ஆயிரத்துச் சொச்சம் டிசைனும் பத்திரமாக இருக்கிறது. ஒன்றும் திறக்காது.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நூல் கோன்களை நிறவாரியாக அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்ததைத்தான்.

"அவரு கம்ப்யூட்டர் வேற மாதிரி இருந்திருக்கும்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள்! என்னை!

ஜூன் 11, புதன்

ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு டிசைனையும் முதல் தடவை தைக்கும்போது ஒரு துண்டுத் துணியில் தைத்து ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் நூல் நம்பரை எழுதி வைப்பது அவள் வழக்கம். ஒன்பது ஆல்பம். புது மெஷினோடு வந்த புரோகிராமிலும் வரையலாம். துண்டைப் பார்த்து மறுபடி வரைய வேண்டும், தையல் தையலாக.

முதலில் நர்சிங் பள்ளியின் முத்திரை. கையில் விளக்கு, சுற்றிலும் எழுத்து. நான் நம்பர் படிக்கிறேன், அவள் வரைகிறாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். நம்பரில் மட்டும் நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

விளக்கின் சுடர் மட்டும் நாலு தடவை கோணிப்போனது. ஐந்தாவதில் சரியாக வந்தது.

ஜூன் 19, வியாழன்

முந்நூறும் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் முன்னதாகவே. பள்ளியில் எண்ணி வாங்கிக்கொண்டார்களாம், குறை ஒன்றும் இல்லையாம். இரண்டு ராத்திரி அவள் தூங்கவில்லை என்பது பேட்ஜில் எங்கும் தெரியாது.

தெருமுனையில் ரிப்பேர்க்கார அம்மாவைப் பார்த்தேன். வழக்கமாக நான்தான் பேச்சை ஆரம்பிப்பேன். இன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

மிச்ச டிசைன்களை ஆரம்பித்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. முடிக்க அரை வருஷத்துக்கு மேல் ஆகும். வாடிக்கையாளர்கள் பழைய டிசைன் கேட்டால், "ரெண்டு நாள் கொடுங்க" என்று போனில் சொல்கிறாள். இரண்டு பேர் வேறு இடம் போய்விட்டார்கள்.

இன்று முதல் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, ஒட்டகம் அங்கிளோட புது நம்பரை எப்படியாவது கண்டுபிடிங்க."

திட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அவருக்கும் இதே சாவிதானே? இன்னைக்கு வேலை செய்யுது. என்னைக்காவது சாப்ட்வேரைத் திரும்பப் போட வேண்டி வந்தா அவர் பொழப்பும் இப்படித்தான் போயிடும். அவரு மனைவி வேற பட்டன் வச்சுச் சம்பாதிக்கிறாங்கன்னீங்க. டிஸ்க்கைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லிடுங்க, பாவம்."

சொல்லிவிட்டேன். அப்படி ஒருத்தன் கிடையாது பாப்பா என்று சொல்லிவிட்டேன். கழுத்து கிடையாது, நாலு தலை மெஷின் கிடையாது, மனைவி கிடையாது. நீ அன்றைக்குச் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். நான் ஏதோ தெரிந்தவன் என்று நீ நினைக்க வேண்டும் என்றும்தான்.

இந்த நோட்டில் நாலாம் தேதி எழுதியதையும் சேர்த்தே சொல்கிறேன். இங்கேயும் அவனை நான்தான் நடமாட விட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பதினைந்து ஊசிக்கும் ஒவ்வொன்றாக நூல் கோத்து முடித்தாள். பிறகு ஆல்பத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பன்னிரண்டாவது டிசைன். நம்பர் படிங்க."

மாமா என்று சொல்லவில்லை. படித்தேன்.