அவளுக்குத் தெரியாது

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

போன வியாழக்கிழமை நாங்கள் இருவரும் டாக்டரிடம் போனோம். கல்யாணமாகி இரண்டரை வருஷமாகிறதே, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உன் மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். ஸ்கேன் எடுத்த பெண் என் அடிவயிற்றை அழுத்தி அழுத்தித் தேடினாள். பிறகு வெளியே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏம்மா, உங்களுக்குக் கர்ப்பப்பையே இல்லைன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

என் பையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு உன் மாப்பிள்ளை சுவரோரம் நின்றிருந்தார்.

பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்துக்கு அந்தப் படத்தை வரைந்தவளே நான்தான் அம்மா. அச்சகத்தில் சேர்ந்த முதல் வருஷம். நடுவில் கருப்பை, இரு பக்கமும் சினைக்குழாய்கள், அவற்றின் நுனியருகே பாதாம் பருப்பளவில் சூலகங்கள். ஒவ்வொன்றுக்கும் கோடிழுத்துப் பெயர் எழுதினேன். என்னுடையதும் இப்படித்தான், கொஞ்சம் சின்னது என்று நினைத்துக்கொண்டே வரைந்தேன். "கொஞ்சம் சின்னதா இருக்காம், வளர்ந்துடும்" என்று சொன்னவள் நீ. எனக்குப் பதினாறு வயது. வயசுக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்பும்போது வாசலில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாய்.

அன்றைக்கு டாக்டரின் அறைக்குள் நீ மட்டும்தான் போனாய். உள்ளே என்ன சொன்னார்கள்?

பாப்பு


மார்ச் 13

என் கண்ணே பாப்பு,

அம்மா எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கத்தான் கை வருகிறது. நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்குக் கர்ப்பப்பை உருவாகவே இல்லை என்று அந்த டாக்டரம்மா சொன்னார். "பொண்ணையும் உள்ளே கூப்பிடுங்க, அவதான் முதல்ல தெரிஞ்சுக்கணும்" என்றும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு நீ பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வேன்? உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. தெரியாமலேதான் அவர் கண்ணை மூடினார்.

உனக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டுமே என்றுதான் செய்தேன். உலகத்தில் பிள்ளை இல்லாதவர்கள் குடும்பம் நடத்தவில்லையா? மாப்பிள்ளை தங்கமானவர். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் தானாக இறங்கிவிடுவார்.

எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் தங்கைக்கு வரன் கூடி வந்திருக்கிறது. ஜூன் இரண்டாம் தேதி கல்யாணம். நல்ல குடும்பம்.

உன் அம்மா


மார்ச் 21

அம்மா,

டாக்டரிடம் மறுபடி தனியாகப் போய்வந்தேன். ஒரு தாளில் வரைந்து காட்டினார். கரு சின்னதாக இருக்கும்போதே இரண்டு குழாய்கள் கீழே இறங்கி ஒன்றாகச் சேரும், சேர்ந்த இடம்தான் கருப்பை. என்னுள் அவை சேரவில்லை. சூலகங்கள் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றனவாம். அதனால்தான் மற்ற பெண்களைப் போலவே வளர்ந்தேன். மாதாமாதம் முட்டைகூட வெளிவருகிறது, ஒரு நாள் இருந்துவிட்டுக் கரைந்து போகிறது. கீழே பிறப்புப் பாதையும் பாதியில் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நீளவைக்கும் சின்னப் பயிற்சியிலேயே அதைச் சரிசெய்யலாமாம், பதினெட்டு வயதிலேயே ஆரம்பித்திருக்கலாமாம். கல்யாணமான புதிதில் வலி தாங்காமல் உனக்குப் போன் செய்தேனே. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் அப்படித்தான்டி, போகப் போகச் சரியாயிடும்" என்றாய். தெரிந்துகொண்டே சொன்னாய்.

கல்யாணத்துக்கு முன்னால் என் பெட்டியில் நாப்கின் பாக்கெட்டுகளை அடுக்கியது நினைவிருக்கிறதா? "மாசத்துல மூணு நாள் முடியலைன்னு படுத்துக்கோ. தள்ளிப்போறதையெல்லாம் ஆம்பளைகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றாய். நானும் செய்தேன். தாமதம்தானே, சீக்கிரம் சரியாகிவிடும் என்று நம்பிச் செய்தேன். பாக்கெட் தீர்ந்தால் அவரே கடையில் வாங்கி வருவார். வெந்நீர்ப் பையில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பார்.

இப்போது அவர் சொல்வது ஒன்றுதான். "குழந்தை இல்லைன்னா இல்லாமயே இருந்துட்டுப் போவோம். ஆனா வராத வலிக்கு என்னை வெந்நீர் வைக்க விட்டியே, அதுதான் தாங்க முடியல." எனக்குத் தெரியாது என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "படமே வரைஞ்சவ நீ, தெரியாதுன்னா எப்படி நம்பறது?" என்கிறார்.

நீ சொன்னால் நம்புவார். பெரிதாக எதுவும் வேண்டாம். 'அவளுக்குத் தெரியாது, நான்தான் மறைத்தேன்' என்று ஒரு வரி அவர் பெயருக்கு எழுதி அனுப்பு. இதுவரை உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

பாப்பு


ஏப்ரல் 9

என் தங்கமே,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எழுதத்தான் ஆசை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். எழுத்தில் கொடுத்தால் அது நாளைக்கு யார் கைக்குப் போகும்? அக்காவுக்கு இப்படி என்றால் தங்கைக்கும் இருக்குமோ என்று சம்பந்தி வீட்டில் கேட்க மாட்டார்களா? அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? ஜூன் வரைக்கும் பொறுத்துக்கொள்.

கல்யாணத்துக்கு நீ முதல் நாள் வந்தால் போதும். விசேஷம் ஏதாவது உண்டா என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடு. மாப்பிள்ளையையும் கூட்டிவா. அவர் வராவிட்டால் பேச்சு வரும்.

உன் அம்மா


ஏப்ரல் 27

அம்மா,

அவர் ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. துணிகளை மடித்து வைத்தார், தன் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கான குட்டி ஸ்குரூடிரைவர்களைத் துடைத்து எடுத்துக்கொண்டார். கதவருகில் நின்று, "உங்கம்மா ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

கல்யாணத்துக்கு வரவில்லை. அச்சகத்தில் புத்தக வேலை நெருக்குகிறது என்று சொல்லிக்கொள். பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாப்பு


ஜூன் 11

கண்ணம்மா,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் தங்கை கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வரி கேட்டாய், ஒரு பக்கமே எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை கையில் கொடு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ வயிற்றில் இருந்த இரண்டாம் மாதம், அப்பாவுக்கு வேலை போயிருந்தது. இப்போது வேண்டாம் என்று முடிவு செய்து, தெரிந்த நர்ஸ் ஒருத்தி கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டேன். நீ கலையவில்லை. பதினாறு வருஷம் கழித்து அந்த டாக்டரம்மா, "கரு உருவாகிற ஆரம்ப வாரங்கள்லயே நடந்திருக்கு" என்றபோது எனக்கு அந்த மாத்திரைதான் நினைவுக்கு வந்தது. உன்னை உள்ளே கூப்பிட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கதவைச் சாத்தினேன்.

இங்கே வந்துவிடு. உன் அறையை ஒழித்துப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா


ஜூலை 3

அம்மாவுக்கு,

நீ எழுதியதைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இது ஏப்ரல்ல வந்திருந்தா நம்பியிருப்பேன். இப்ப படிச்சா, அம்மாவும் பொண்ணும் உக்காந்து பேசிவெச்சு எழுதின மாதிரி இருக்கு" என்றார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் வீட்டிலிருந்து வருகிற எதையும் அவர் எதற்கு நம்ப வேண்டும்? அவர் அனுப்பியிருந்த விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "இன்ன காரணம்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. எந்த மாத்திரையும் சாப்பிடாத அம்மாக்களுக்கும் இப்படிப் பிள்ளை பிறக்குது" என்றார். அன்றைக்கு நீ கேட்டிருந்தால் அந்த டாக்டரம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். நீ கேட்கவில்லை.

அந்த மாத்திரைக்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்போது நான் யாரென்று உனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை உனக்குத் தெரியும்.

தங்கைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவள் கேட்டால் மறைக்காதே.

வேறு ஊரில், வேறு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடும் பார்த்தாயிற்று. இந்தக் கடிதத்தில் முகவரி எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் மூத்த மகள்