எங்கள் ஊருக்கு வராத வரி

நவம்பர் 3, திங்கள்

விடியவே மழை. அரை நாள் லீவு. அப்பாவுடன் ஆஸ்பத்திரி. வாங்க வேண்டியவை: பிரஷர் குளிசை, தே. எண்ணெய், பஞ்சு (இசைத்தட்டுகளைத் துடைக்க. மழைக்கு உறைகளிலெல்லாம் பூஞ்சணம்).

ஆடியில் வந்த பாரிசவாதம் அப்பாவின் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் சொல்வது எல்லாம் விளங்குகிறது. பதில்தான் வராது. "ம்" மட்டும். பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் இன்று கேட்டார்: "கதை பேச்சு வராத சில பேருக்குப் பாட்டு வரும், தங்கச்சி. அப்பாவுக்கு நல்லாப் பழகின பாட்டு ஏதும் இருக்கோ?"

வீட்டில் ஒரு அலுமாரி நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவள் நான். அதைச் சொல்ல வெட்கம். "ம்" என்றேன். மிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரோ: "மழை விடாட்டி வெங்காயம் அழுகித்தான் போகும்." அச்சுவேலி வரைக்கும் அப்பா ஜன்னலால் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

எந்தப் பாட்டு என்று அம்மாவைக் கேட்டேன். யோசிக்கவேயில்லை. "அந்தப் பிள்ளையார் பாட்டுத்தான். கலியாணவீடோ திருவிழாவோ, பனைமரத்திலை ஸ்பீக்கரைக் கட்டினா முதல் அதைத்தானே போடுறவங்கள்."

அது என்னிடம் இருக்கிறது! மருதனார்மடத்தில் பழைய சாமான் விற்பவரிடம் எடுத்தது. ஒரு கீறல் இல்லை. கீறிய தட்டுகளை நான் தொடுவதே இல்லை. இது கண்ணாடி மாதிரி.

வேலையால் வந்து, முகம் கழுவாமலே போட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் உதடு அசைந்தது. பிறகு சத்தம். பிறகு சொற்கள். முழுச் சொற்கள்! அம்மா தேங்காய் திருவுவதை விட்டுவிட்டு ஓடி வந்தார். பல்லவி சரி. முதற் சரணம் சரி. இரண்டாவது சரணத்தில் பாட்டு ஒரு பக்கம் போக, அப்பா வேறு பக்கம் போனார். நின்றுவிட்டார். கதிரையின் கைபிடியில் இடக்கையால் அடி அடியென்று அடித்தார். அழுகை.

பக்கத்து வீட்டு ராணி அக்கா வேலிக்கு மேலால்: "நினைவும் தப்புது போல. எதுக்கும் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ."

சாப்பிட மனமில்லை. பேச்சுத்தான் போனது, அப்பா உள்ளே முழுசாக இருக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நம்பினேன். உள்ளேயும் கரைகிறாரா?

நவம்பர் 6, வியாழன்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

திரும்பப் போட்டேன். அதே இடம், அதே தடுமாற்றம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்க, அம்மா குசினி வாசலில் நின்று, "அவர் பாட்டைச் சரியாத்தானே படிக்கிறார். உந்த வரி என்ன புதுசாக் கிடக்கு?" என்றார்.

"அம்மா, தட்டு எப்பிடிப் பிழையாப் பாடும்?"

"அது எனக்குத் தெரியாது. எங்கடை பக்கத்துக்கு ஒரேயொரு ஸ்பீக்கர்காரன்தான். அவன்ரை தட்டிலை அந்த இடத்திலை ஒரு கீறல். ஊசி ஒரு வரியைத் தாண்டித்தான் விழும். சின்னப்பிள்ளையள் நாங்கள் அதுக்கெண்டே காத்திருந்து, அந்த இடத்திலை ஒரு துள்ளுத் துள்ளுவம். உந்த வரி எங்கடை ஊருக்கு வந்ததே இல்லை, பிள்ளை."

முதலில் சிரிப்பு. பிறகு நிற்காத அழுகை. அப்பா ஒன்றையும் மறக்கவில்லை. கீறலைக்கூட மறக்கவில்லை.

அந்தத் தட்டு இடம்பெயர்வில் ஸ்பீக்கரோடு போய்விட்டதாம். நானே ஊசியைத் தூக்கி அடுத்த வரியில் வைத்துப் பார்த்தேன். எங்கோ விழுந்து கிரீச்சிட்டது. அப்பா திடுக்கிட்டார். நல்ல தட்டில் புதுக் கீறல். ஏனோ கவலை வரவில்லை.

"உந்தப் பெட்டியை நிப்பாட்டு. நான் படிக்கிறன்."

அம்மா பாடி நான் கேட்டதில்லை. குரல் ஒரு மாதிரி. சுருதியும் இல்லை. அந்த இடத்தில் இருவரும் சேர்ந்து தாண்டினார்கள். அம்மாவின் தோள் கொஞ்சம் துள்ளியது. கடைசி வரைக்கும் போனார்கள்.

வேலிக்கு அங்காலிருந்து ராணி அக்கா: "என்ன, எங்களுக்குச் சொல்லாமல் கலியாணவீடோ?"

நவம்பர் 7, வெள்ளி

மிஸ்ஸுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நானாகவே! "நல்லது தங்கச்சி. ஆனால் பாட்டு வேறை, கதை வேறை. சிலருக்குப் பாட்டோடை நிண்டும் போகும். பாத்துக்கொண்டிருங்கோ." அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். மூன்று நாள் உடுப்பும் இன்றுதான் கொடியில். அப்பா முற்றத்தில், கதிரையில். அம்மா குசினிக்குள் இருந்து தொடங்க, அப்பா பிடித்துக்கொண்டார். ஆர் கேட்கப் போகிறார்கள் என்று நானும் ஈரச் சேலைக்குப் பின்னால் நின்று மெல்லப் பாடினேன். எனக்குத் தட்டில் கேட்ட பழக்கம். அந்த வரியைத் தாண்டாமல் பாடிவிட்டேன்.

அப்பா நிறுத்தினார். சேலையை விலக்கினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு எதையோ தேடியது.

"பிழை."

பாட்டில் அப்படி ஒரு சொல் இல்லை.

குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்தது. "கேட்டியே பிள்ளை? பிழை பிடிக்கத் தொடங்கிட்டார். இனிச் சுகம்தான்!" அம்மா வெளியே வரவில்லை. குரல் மட்டும் உடைந்து வந்தது.

"ஓம் அப்பா, பிழைதான்" என்றேன். முதலிலிருந்து தொடங்கினோம்.