சுருட்டை முடியும் சேர்த்து வைத்த லீவும்

அன்புள்ள மகன் ஆதவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஓவியா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். மூன்று வருஷமாக இதை ஒப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை டாக்டரே பார்த்துச் சொன்னது. நீயும் அந்த மஸ்கட் வெயிலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மருந்தால் மரத்துப்போன விரல் நுனிகளுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை, பேனா பிடித்தால் நழுவுகிறது, அதனால்தான் உன் தங்கச்சி கையெழுத்து. போனில் சொல்லலாம் என்றால் சாப்பிட்டியா மாத்திரை போட்டியா என்று கேட்டே நீ நேரத்தை முடித்துவிடுகிறாய். பக்கத்து வீட்டு பீபி ஜான் மகன் முபின் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறான், முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் வேலூரில் ஸ்கேன் பார்த்தார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகள் இருந்த இடத்தில் தழும்புதான் இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த உன் தங்கச்சி, நர்ஸ் பேர் கேட்டாலே தரையைப் பார்க்கிறவள், அவரை நேராகப் பார்த்து, திரும்பவும் வருமா சார்னு கேட்டுவிட்டாள். வரலாம், வராமலும் போகலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, நடுவுல பயந்துகிட்டே உக்காந்திருக்காதீங்கனு சொன்னார். அன்றிலிருந்து நான் அப்படி உட்காரவே இல்லை. பஸ்ஸில் போளூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்திலிருந்த பெண் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

முடியைப் பற்றிச் சொல்லவேண்டும். கோரைப்புல் மாதிரி இருந்ததே என் முடி, மருந்தில் கொட்டிப்போய் இப்போது சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. எந்த பார்லர்க்கா, எனக்கும் சொல்லுனு பீபி ஜான் கேட்கிறாள். அப்பா ஆட்டோவில் உட்காரவைத்து ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோடு பக்கம் கூட்டிப்போனார், தலையை மழித்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா என் தலையைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். நான்கு கிளிப் வாங்கினேன், பின்னல் இல்லாமல் பூ நிற்காதாம், நான் நிற்கவைத்துவிட்டேன். இந்த நேரத்தில் உன் அத்தை சந்திரம்மாள் வந்து, அண்ணி, நீ பொழச்சா படவேட்டுல மொட்டைனு உன் மவன் நேந்துகிட்டானே, அம்மன் காத்துகிட்டிருக்கா என்கிறாள். ஒரு தடவை மொத்தமா போச்சே, அது சேராதானு கேட்டேன். அது மருந்து எடுத்தது, அம்மன் எடுக்கலைனு சொல்லிவிட்டாள். ஆபரேஷன் அன்று அவ்வளவு தூரத்திலிருந்து என்னைக் கேட்காமல் என் முடியை நேர்ந்துகொண்டாயே, உன் முடி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? பூசாரியைக் கேட்டாயிற்று. என் தலைக்குப் பதில் நேர்ந்தவன் தலை செல்லுமாம்.

இப்போது கோபப்படாமல் படி. இரண்டு வருஷமாக நீ ஏன் லீவு எடுக்கவில்லை என்று முபின் சொல்லிவிட்டான். அம்மாவுக்கு ஏதாவதுன்னா வரணும்ல பெரிம்மா, அதுக்காகச் சேத்து வச்சிருக்கான்னான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. ஆனால் அன்றைக்கு நீ வந்தால் நீதான் என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்க்க முடியாது. அந்த லீவை இப்போது எனக்குக் கொடு. அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் வா, சிரித்துக்கொண்டிருக்கும்போதே வா. கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன், நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன், இப்போது சாப்பாடு இறங்குகிறது.

அப்பா டிக்கெட் விலை பார்க்கச் சொன்னார். நிறையத் தண்ணீர் குடி. முடி வெட்டிக்கொள்ளாதே, அம்மனுக்குக் கம்மியாகக் கொடுக்கக் கூடாது. நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், அதில் கொஞ்சம் நானும் கூட இருக்கிறேன்.

உன் அம்மா,
எல்லம்மாள்

அண்ணா, இது நான். அம்மா கண்ணாடி முன்னால் போய்விட்டாள். டாக்டரிடம் கேட்டது நான்தான், நிஜம். நீயும் உன் மேனேஜரிடம் லீவு கேள்.